அதே கடை, அதே சாமான், அதே நிறை

சாமான்களின் விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்காக யாழ்ப்பாணத்தில் கடை கடையாகப் போய் விலை எழுதுகிற வேலையில் நான் இருந்த காலத்தில்தான் இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. இந்த வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்: அதே கடை, அதே சாமான், அதே நிறை. போன மாதம் நாட்டரிசி என்றால் இந்த மாதமும் நாட்டரிசிதான். அந்த இடத்தில் சம்பாவின் விலையை எழுதிவிட்டால், ஏறியது விலையா, மாறியது அரிசியா என்று கொழும்பில் இருந்து கணக்குப் பார்க்கிறவருக்குத் தெரியாது.

சாதாரண காலத்தில் இது இலகுவான வேலை. கடையில் சாமான் இருக்கும், கேட்டால் விலை சொல்வார்கள், எழுதிக்கொண்டு வரலாம்.

நான் முதலில் தடக்குப்பட்டது பால்மாவில். 400 கிராம் பைக்கற் 380 ரூபாவாக இருந்தது. 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலையை நீக்கியதும் 480. வருடக் கடைசியில் 540. 2022 மார்ச் மாதம் ரூபாவை மிதக்கவிட்டு, அதாவது டொலருக்கு எதிரான அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டு, இரண்டு கிழமைக்குள் 790. இந்த ஏற்றத்தை எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அந்த விலைக்கும் பால்மா கிடைக்கவில்லை. நான் வழமையாகப் போகும் ஒரு கடையில், "இருக்கு தங்கச்சி, ஆனா தனியத் தரமாட்டம். வேற சாமானும் எடுத்தால்தான்" என்றார் கடைக்கார அண்ணை. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், தனக்குத் தேவையில்லாத பிஸ்கற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

படிவத்தில் விலைக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. அந்தப் பெண் பால்மாவுக்காகக் கொடுத்த உண்மையான காசு அதில் எங்கே வரும்? பைக்கற்றில் அச்சடித்திருந்த விலையை எழுதினேன். நடந்ததைப் பக்கத்தில் குறிப்பாகவும் எழுதினேன். ஆனால் சுட்டெண்ணில் கூட்டிப் பெருக்குவது விலையை மட்டும்தான், குறிப்பை அல்ல. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அது மனதைவிட்டுப் போகவில்லை.

சாமானே இல்லாவிட்டால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த மற்றச் சாமான்கள் எவ்வளவு ஏறினவோ, இதுவும் அவ்வளவு ஏறியதாக எடுத்துக்கொண்டு இடைவெளியை நிரப்புவார்கள். பல நாடுகளிலும் உள்ள வழமை இது. பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு சாமானுக்கு அது சரி. பால்மா, எரிவாயு, மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுப்பாடான மாதங்களில், விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்று வெறுங்கையோடு போனவர்களின் கஷ்டத்தை எந்த விலையாலும் காட்ட முடியவில்லை.

பாண் வேறு மாதிரி. ஓர் இறாத்தல் பாண் என்றால் 450 கிராம் இருக்கவேண்டும். விலை ஏறாத மாதத்திலும் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதை அந்த வருடம்தான் நன்றாகப் படித்தேன். 450 கிராம் பாண் 400 கிராமாகச் சுருங்கி, விலை அப்படியே இருந்தால், உண்மையில் விலை 12.5 சதவீதம் ஏறிவிட்டது. வாங்குகிறவர் அதைக் கவனிக்கமாட்டார். பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது ஒரு துண்டு குறையும், அவ்வளவுதான்.

மரக்கறியில் டீசலின் கதையே தெரிந்தது. நுவரெலியா கரட்டும் லீக்சும் தம்புள்ளை வழியாக லொறியில் வரவேண்டும். டீசல் இல்லாமல் லொறி ஓடாத கிழமைகளில் அவற்றுக்கு நினைத்த விலை சொன்னார்கள். ஊர்க் கத்தரிக்காயாவது தப்பும் என்று நினைத்தேன். முந்திய வருடம், 2021இல், இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் விளைச்சல் குறைந்து, அதுவும் ஏறியது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் உணவு விலை ஏறிய வீதம், 94.9 சதவீதம். முழுப் பணவீக்கம் 69.8. இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் பேசினார்கள். சுட்டெண்ணுக்காக விலை பார்க்கும் சாமான்களின் தொகுப்பைக் கூடை என்பார்கள். அப்போதைய கொழும்புக் கூடையில் உணவின் பங்கு 28 சதவீதம், தேசியக் கூடையில் 44 சதவீதம். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அதைவிடவும் கூட. கையில் வருவதில் முக்கால்வாசி அரிசிக்கும் மாவுக்கும் போகிற வீட்டுக்கு 69.8 என்பது அவர்களுடைய எண்ணே இல்லை.

2023 ஜூலையில் உணவுப் பணவீக்கம் சுழியத்துக்குக் கீழே இறங்கியது. செப்டெம்பரில் -5.2 சதவீதம். "உணவு விலை குறைந்தது" என்று பத்திரிகையில் வந்திருந்ததை யாரோ வாசித்துச் சொல்லியிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். "நீ எழுதிக்கொண்டு போறதுதானே பிள்ளை பேப்பரில வருது? எங்க குறைஞ்சது?"

படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொழும்புக் கணக்குத்தான், இருந்தாலும் அவருக்கு விளங்கும். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் அடுத்த வருடம் சுமார் 195 ரூபா. அதற்கடுத்த வருடம் 185. இந்தப் பத்து ரூபாவைத்தான் குறைந்தது என்கிறார்கள்.

அவர் கொஞ்ச நேரம் அந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மற்ற 85 ரூபா?"

"அது இனிக் குறையுமெண்டு நினைக்கேல்லை அம்மா. ஏறினது நிண்டிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப அப்பிடியெல்லோ பேப்பரில போடவேணும்" என்றார்.