மாங்காய்க்குள் இருக்கும் ‘ங்’

சேலத்தில் ‘மா’ என்னும் ஓரெழுத்து இரண்டு வணிகங்களைத் தாங்கி நிற்கிறது. சித்திரை பிறந்ததும் வரகம்பாடி, வாழப்பாடிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மல்கோவாவும் இமாம்பசந்தும் செந்தூராவும் குண்டும் கூடை கூடையாகக் கடைவீதிக்கு வந்து இறங்குகின்றன. அது ஒரு மா. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, அதைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிவதை ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் ஆக்கும் சேகோ ஆலைகள் மாவட்டமெங்கும் உள்ளன. அங்கே படிவது இன்னொரு மா. நாம் இப்போது உகரம் சேர்த்து ‘மாவு’ என்று சொல்வதை, இலங்கைத் தமிழர் இன்றும் ‘கோதுமை மா’, ‘அரிசி மா’ என்று பழைய வடிவிலேயே சொல்கிறார்கள்.

பொருள் இவ்விரண்டோடு முடிவதில்லை. அகராதியைப் புரட்டினால் மா என்பதற்கு விலங்கு, குறிப்பாகக் குதிரை, பெரிய, கருமை, வண்டு, திருமகள் என்று பத்தி நீண்டுகொண்டே போகும். பின்னக் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. அதனோடு எண்பதில் ஒரு பங்காகிய காணியைச் சேர்த்தால் பதினாறில் ஒரு பங்காகிய ‘மாகாணி’ கிடைக்கும். வேலி என்னும் நில அளவையில் இருபதில் ஒரு பங்கும் மாதான். தஞ்சைப் பக்கத்து உறவினர்கள் ‘மூணு மா நடவு’ என்று பேசினால், ஏக்கரும் சென்ட்டும் மட்டுமே பழகிய நம் சேலத்துக்காரர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை என்று நன்னூல் கணக்கிடும் 42 எழுத்துகளில், இத்தனை சுமையைத் தூக்குவது வேறொன்று இருக்குமா என்று எனக்கு ஐயம்தான்.

இந்தச் சுமைதான் சிலருக்கு ஆசையையும் மூட்டுகிறது. “சீனத்தில் மா என்றால் குதிரை, தமிழிலும் மா என்றால் குதிரை, ஆகவே சீனம் தமிழிலிருந்து பிறந்தது” என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. முதல் இரண்டு கூற்றுகளும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதில்லை. சீனத்தில் மா குதிரையாவது, குரலைத் தாழ்த்திப் பின் உயர்த்தினால் மட்டுமே. குரலை உயரத்தில் நிறுத்தினால் தாய், கீழிருந்து மேலே ஏற்றினால் நார் தரும் ஒரு செடி, மேலிருந்து சடாரென்று இறக்கினால் வசை. வியட்நாமிய மொழியில் ஆறு தொனிகள் உண்டு. பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஒரே மா ஆறு இடங்களுக்குப் போகிறது. இத்தாலியருக்கு மா என்றால் ‘ஆனால்’. பிரெஞ்சுக்காரருக்குப் பெண்பால் பெயரின் முன் வரும் ‘என்’. ஜப்பானியருக்கு இரண்டு பொருள்களுக்கோ இரண்டு ஒலிகளுக்கோ நடுவே உள்ள இடைவெளி. கதவுக்குறிக்குள் சூரியனை வைத்து அதை எழுதுகிறார்கள். மகரமும் அகரமும் உலக மொழிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒலிகள். அவை சேர்ந்த ஒற்றை அசை பல மொழிகளிலும் ஏதோ ஒரு பொருளில் குந்தியிருக்கும். இரண்டு மொழிகளில் அப்பொருள் ஒன்றாக அமைந்துவிட்டால் அதைத் தற்செயல் என்பதைவிடப் பெரிதாகச் சொல்ல இடமில்லை.

தாயைக் குறிக்கும் மாவுக்கு வேறு காரணம் உண்டு. பால் குடிக்கும் குழந்தை வாய் மூடியிருக்கும்போது மூக்கின் வழியே எழுப்பக்கூடிய முனகல் மகரத்தை ஒத்தது. அந்த முனகல் நாளடைவில் பாலுக்கும் அதைத் தருபவளுக்கும் உரிய அழைப்பாகிறது என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். தொடர்பே இல்லாத மொழிகளிலும் தாய்ச்சொல்லில் மகரம் கேட்பது இதனால்தான். ஆயினும் குழந்தை முனகுவதைப் பொருளாக்குபவர்கள் பெரியவர்களே ஆதலால், ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. நமக்கோ தாயின் உடன்பிறந்தவர். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் கணவரும் மாமாதான்.

மொழிகளுக்கு இடையே உள்ள உண்மையான உறவுக்கும் ஒரு சான்று சொல்ல வேண்டும். சமஸ்கிருதத்தில் மா என்பது ‘வேண்டாம், கூடாது’ என்னும் விலக்கு. வால்மீகி வேடனுக்கு இட்ட சாபம் ‘மா நிஷாத’ என்று அந்த விலக்கோடுதான் தொடங்குகிறது. பழைய கிரேக்கத்தில் அதே வேலையை ‘மே’ செய்கிறது. இவ்விரண்டையும் உறவென்று ஏற்பதற்குக் காரணம் இந்த ஒரு சொல் அன்று. எண்ணுப் பெயர்களிலும் வினை விகுதிகளிலும் அவ்விரு மொழிகளுக்கும் இடையே ஒழுங்கான ஒலி மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன, அந்த ஒழுங்குக்குள் இதுவும் அடங்குகிறது.

நம் மா உண்மையிலேயே கடல் கடந்த கதை இருக்கிறது. அதற்குக் குதிரை தேவையில்லை, மாங்காய் போதும். அதைச் சொல்வதற்கு முன் தமிழ் தன் மாக்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனித்து நிற்கும்போது எல்லாம் ஒரே எழுத்து. இன்னொரு சொல்லோடு புணரும்போது குணம் வெளிப்பட்டுவிடுகிறது. மரமாகிய மா பழத்தோடு சேர்ந்தால் மாம்பழம், தோப்போடு சேர்ந்தால் மாந்தோப்பு, காயோடு சேர்ந்தால் மாங்காய்; வருமொழியின் வல்லினத்துக்கு இனமான மெல்லினம் நடுவில் வந்து உட்காருகிறது. மரப்பெயர்கள் சிலவற்றுக்கு இலக்கணம் வகுத்திருக்கும் வழக்கம் இது. விளாவும் விளாம்பழம், விளாங்காய் என்று இப்படியே நடக்கும். அரைத்த மாவைக் கோலத்தோடு சேர்த்தால் மாங்கோலம் ஆகாது, வல்லினம் மிகுந்து மாக்கோலம் ஆகும். பெரிய என்னும் பொருளில் வரும் மாவோ ‘மாபெரும்’ என்று எதையும் கூட்டாமல் கடந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இவற்றைக் குழப்பியதில்லை.

இப்போது ‘மாங்காய்’ என்ற சொல்லில் உள்ள ஙகர மெய்யைக் கவனியுங்கள். அது மாவுக்குள்ளும் இல்லை, காய்க்குள்ளும் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் பிறந்தது. மலையாளத்தில் இச்சொல் ‘மாங்ங’ என்று தேய்ந்தது. (சேர்வராயன் மலையில் ‘மலையாளி’ என்றால் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழ் பேசும் பழங்குடியினரைக் குறிக்கும், நான் சொல்வது கேரளத்து மலையாளத்தை.) 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பிறகு, அந்தக் கரையிலும் மலாய் நாட்டிலும் இச்சொல்லைக் கேட்டுப் பழகிய போர்த்துகீசியர் அதை ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வழியாக ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆயிற்று. மலாய் மொழியிலும் மங்காதான். மரவள்ளி ஆலைகளுக்கு நாம் சூட்டிய ‘சேகோ’ மலாயில் பனை வகை மரத்தின் மாவைக் குறிக்கும் ‘சாகு’ என்பதிலிருந்து வந்தது. ஆகவே அந்த நாட்டோடு நமக்குக் கொடுக்கலும் வாங்கலும் சரியாகவே நடந்திருக்கிறது. சீனர் ‘மாங்குவோ’ என்கிறார்கள். அதில் குவோ என்பது அவர்கள் மொழியிலேயே பழம். போர்த்துகீசியத்தில் மங்காவுக்குச் சட்டைக்கை என்றும் பொருள் உண்டு. அது லத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல், நம் மாங்காயோடு ஒலி மட்டுமே பொருந்துகிறது.

எந்த ஊரில் எப்படி உச்சரித்தாலும் அந்த மெல்லினம் மட்டும் விழவில்லை. நம் பக்கத்துப் புணர்ச்சியில் பிறந்த ஒலி, அந்தப் புணர்ச்சியை அறியாத நாவுகளில் இருக்கிறதென்றால், அச்சொல் இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். சீனக் குதிரையிடம் இப்படிப்பட்ட அடையாளம் எதுவும் இல்லை. நாம் பெருமை பேச விரும்பினால் மாங்காயைக் காட்டிப் பேசலாம்.

ஊருக்குள்ளேயே இன்னும் வேடிக்கை உண்டு. தறி ஓடும் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளில் கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் பேசும் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களோடு சுவரைப் பகிர்ந்து வாழ்கின்றன. கன்னடத்தில் மாமரம் ‘மாவு’. அரைத்த மாவு ‘ஹிட்டு’. தெலுங்கில் மா என்றால், கேட்பவரை விலக்கிய ‘எங்கள்’. அவர்கள் ‘மா இன்ட்டி மாமிடி’ என்று சொன்னால் எங்கள் வீட்டு மாங்காய் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அதில் மாங்காய் எந்த மாவில் இருக்கிறது என்று பிடிபடச் சற்று நேரமாகும். கன்னடத்து மாவும் தமிழ் மாவும் ஒரே திராவிட வேரின் கிளைகள். தெலுங்கின் ‘எங்கள்’ அதற்குத் தொடர்பில்லாத பிரதிப்பெயர்.

இத்தனைக்கும் பிறகு, பழச்சாறு விற்கும் கடைப்பலகைகள் சிலவற்றில் ‘மா பழ ஜூஸ்’ என்று பிரித்து எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவதை மறைக்க முடியவில்லை. இடம் பற்றாது என்பது காரணமாக இருக்க முடியாது. ஒரு மகர மெய்க்குப் புள்ளியோடு சேர்த்து எவ்வளவு இடம் வேண்டும்? ‘ஜூஸ்’ என்பதில் ஸகர மெய்க்குப் பிழையின்றிப் புள்ளி வைக்கும் அதே ஓவியர்தான் இதையும் எழுதுகிறார்.