கும்பிட வராத கை

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு இரவு பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. ஜன்னலோர சீட், பக்கத்து சீட் காலி, அதனால் வலது கையை அந்த சீட்டின் முதுகுக் கம்பிக்கு மேல் போட்டுக்கொண்டு சாய்ந்தவன், மதுரை எப்போது வந்தது, திருச்சி எப்போது போனது என்று தெரியாமல் செத்த பிணம் மாதிரி தூங்கியிருக்கிறேன். செங்கல்பட்டில் கண்டக்டர் போட்ட சத்தத்தில் விழித்து, மேலே இருந்த பையை எடுக்கக் கையைத் தூக்கினால், கை தூக்குகிறது, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வாழை இலை மாதிரி தொங்குகிறது.

மரத்துப்போயிருக்கும் என்று உதறினேன். தாம்பரம் வரை உதறினேன். சரியாகவில்லை.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் இப்படி ஒரு விடியற்காலையில்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அவரைப் படுக்க வைத்துவிட்டோம். அதனால் வீட்டுக்குப் போகாமல், பையோடு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போனேன். கடைசியில் எனக்கு வந்தது பக்கவாதம் இல்லை, ஆனாலும் அன்று அப்படிப் போனதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

அங்கே இருந்த நரம்பியல் டாக்டர் பல்லைக் காட்டச் சொன்னார், பேசச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். அப்புறம் "கும்பிடுங்க" என்றார். உள்ளங்கைகளை ஒட்டவைத்துக் கும்பிட்டேன். "அப்படியே ரெண்டு கையையும் மெதுவா விலக்குங்க." இடது கை நிமிர்ந்து நின்றது. வலது கையின் விரல்கள் இடது உள்ளங்கையைத் தடவிக்கொண்டே சரிந்து விழுந்தன. அடுத்து காபி டம்ளரைப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரல் மேலே இருக்க முழங்கையை மடக்கச் சொல்லி, முன்கையில் புடைக்க வேண்டிய ஒரு தசை புடைக்கவே இல்லை என்று காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் பஞ்சால் தொட்டதே தெரியவில்லை. ஆனால் கையை மேஜைமேல் தட்டையாக வைத்தால் விரல்களை விரிக்க முடிந்தது. முழங்கையை நீட்டவும் முடிந்தது.

"மெயின் நல்லா இருக்கு, நடுவுல ஒயர் நசுங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டார். கையைத் தூக்கு என்ற கட்டளை மூளையில் உச்சந்தலையிலிருந்து காதுப் பக்கமாக இறங்கும் ஒரு பட்டையிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பட்டையில் கைக்கும் முகத்துக்கும்தான் பெரிய பங்கு, முதுகு முழுவதற்கும் சேர்த்தே கொஞ்சம்தான். இடது மூளையிலிருந்து வரும் இழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் வலப்பக்கம் தாண்டித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. கழுத்துக்குள் இருக்கும் அடுத்த நரம்பணு அங்கே கட்டளையை வாங்கிக்கொள்கிறது. அதன் இழை நடுவில் எங்கும் நிற்காமல் முன்கைத் தசை வரை போகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு அணுவுக்கு அரை மீட்டர் வால்! தசையைத் தொட்டதும் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து, தசை சுருங்குகிறது. எனக்கு இந்த ஏற்பாடெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிற ரேடியல் நரம்பு மேல்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில், பஸ் கம்பிக்கும் எலும்புக்கும் நடுவே மணிக்கணக்காக நசுங்கியிருக்கிறது, அங்கே மட்டும் கட்டளை நின்றுபோனது. முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பித்தது. விரலை விரிப்பது வேறு நரம்பின் வேலை.

இதற்கு சாட்டர்டே நைட் பால்சி என்று பெயராம், குடித்துவிட்டு நாற்காலியில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறவர்களுக்கு வருவதால். நான் குடிப்பதில்லை, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு. இருந்தும் என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

நரம்பு டெஸ்ட்டை உடனே எடுக்கவில்லை. இழை அறுந்திருந்தால்கூட அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள பகுதி சில நாள் கரண்டைக் கடத்திக்கொண்டிருக்குமாம், முன்னாலேயே எடுத்தால் ஏமாற்றும் என்று மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த டெஸ்ட்டில் தோலில் பட்டைகளை ஒட்டிச் சுருக் சுருக்கென்று கரண்ட் விடுகிறார்கள், வலியைவிடத் திடுக்கிடல்தான் அதிகம். முழங்கைக்குப் பக்கத்தில் கரண்ட் வைத்ததும் மூன்று வாரமாகச் செத்துக்கிடந்த மணிக்கட்டு தானாகத் துள்ளியது. நான் சொல்லி எழும்பாத என் கை, யாரோ ஒருவர் பட்டன் அழுத்தியதும் எழும்புகிறது. கம்பி அழுத்திய இடத்துக்கு மேலே வைத்தபோது ஏதோ பேருக்குத்தான் அசைந்தது. பெரும்பாலான இழைகளில் மேலுறை மட்டும்தான் கெட்டிருக்கிறது, அது சில வாரங்களில் திரும்ப வந்துவிடும், சிலது அறுந்திருக்கிறது, அது நாளுக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும் என்றார்கள். அம்மா நாராயணத் தைலத்தோடு காத்திருந்தாள். தேய்த்துக்கொண்டேன், அவள் மனசுக்காக.

தொங்கும் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைப் போட்ட அன்றுதான் ஒரு விஷயம் புரிந்தது. மடக்கும் தசைகள் எல்லாம் நன்றாக இருந்தும் என்னால் ஒரு சொம்பைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாமல் இருந்தது, பட்டை போட்டதும் பிடி வந்துவிட்டது. நாம் முஷ்டி மடக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை மேல்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன, நாம் அவற்றிடம் ஒன்றும் சொல்வதில்லை, மூளை தானே சேர்த்து அனுப்பிவிடுகிறது. முஷ்டியை மடக்கி முன்கையின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

பிசியோதெரபியில் பவுடர் தூவிய பலகைமேல் கையைப் பக்கவாட்டில் வைத்து மணிக்கட்டை நகர்த்தப் பார்க்க வேண்டும், அப்படி வைத்தால் கையின் எடையைத் தூக்க வேண்டியதில்லை. முதல் மாதம் முழுக்க நகர்ந்தது என் தோளும் புருவமும்தான். ஒரு நாள் கை எழும்பிவிட்டது என்று கத்தினேன். பயிற்சி கொடுத்த பையன், "அண்ணே, முஷ்டியை இறுக்கிட்டு டக்குனு விட்டீங்க, அது எகிறுது, அவ்வளவுதான்" என்றான். கண்டுபிடித்துவிட்டான்.

ஐந்தாவது வாரம் அந்த டம்ளர் தசை லேசாகத் துடித்தது. ஏழாவது வாரம் பவுடரில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கோடு விழுந்தது, அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நரம்பு போகும் வழியிலேயே வரிசையாக வந்தது, முதலில் முழங்கைப் பக்கம், அப்புறம் மணிக்கட்டு, விரல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கட்டைவிரல். இதற்குள் வேறொரு தொல்லை, தோளைக் குலுக்கிக் கையை வீசி வேலையை முடித்துப் பழகியிருந்தேன், நரம்பு வந்த பிறகும் சட்டைப் பட்டன் போடப் போனால் தோள்தான் முதலில் எழும்பும். அதை விடவே இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் சாண் அளப்பேன். இடது கைக்கு எட்டு சாண். வலது கைக்கு முதலில் பதினொன்று ஆயிற்று, அப்புறம் பத்து, ஒன்பதே முக்காலில் மூன்று வாரம் நின்று கழுத்தை அறுத்தது. நான்காவது மாதம் பாதியில் எட்டு வந்தது. நம்பாமல் என் பெண்ணைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், அவளும் எட்டு என்றாள்.