ஷோபானின் ஈ மைனர் பிரெலூட்

போலந்து இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோபான் பியானோவுக்கு எழுதிய 24 பிரெலூட்கள் (சிறு இசை உருப்படிகள்), ஓபஸ் (படைப்பு) 28 என்ற எண்ணோடு 1839இல் வெளியாயின. அவற்றுள் நான்காவதான ஈ மைனர் (ஈ சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஸ்கேல்) பிரெலூட் 25 பார்களே (தாளப் பகுதிகளே) கொண்டது. இரண்டு நிமிடங்களுக்குச் சற்று கூடுதலாக ஒலிக்கும். பியானோ பயில்பவர்கள் தொடக்கக் காலத்திலேயே இதை வாசித்துவிடுவதால் எளிய உருப்படி என்று பெயர் வாங்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வலது கையில் மெட்டு என்று சொல்லுமளவுக்கு முதலில் எதுவுமில்லை. பி சுரத்தில் நீண்டு நின்று, அரைச்சுரம் மேலிருக்கும் சி-யைச் சற்றே தொட்டு, மறுபடியும் பி-க்கே திரும்புகிறது. மூன்று பார்கள் இப்படியே கழிந்த பிறகுதான் அது பி ஃபிளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே இருப்பது) வழியாக ஏ-க்கு இறங்குகிறது. துயரம் முழுவதும் இடது கையில் இருக்கிறது. பாருக்கு எட்டு முறை சீராக ஒலிக்கும் கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களில்) பெரும்பாலும் ஏதேனும் ஒரு சுரம் மட்டும், அதுவும் பெரும்பாலும் அரைச்சுர அளவே, கீழே நகர, மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. அடுத்து இன்னொன்று நகர்கிறது. இதனால், மேலே அசையாமல் நிற்கும் அதே பி முதலில் கார்டோடு இணங்கியும், பிறகு முரண்பட்டும், பிறகு வேறொரு நிறத்தில் இணங்கியும் கேட்கிறது. அழுகையை வெளிக்காட்டாத ஒருவரின் முகம் மெல்ல மாறுவதைப் பார்ப்பது போன்றது அது.

பதினாறாவது பாரில் 'ஸ்ட்ரெட்டோ' என்ற குறிப்போடு வேகம் கூடி, அதுவரை அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் வெடிக்கிறது. சில பார்களுக்குள் அதுவும் தணிந்துவிடுகிறது. இதைவிட என்னை ஆட்கொள்வது முடிவுதான். தொடக்கக் கார்டிலேயே ஆதார சுரமான ஈ அடியில் இல்லை, ஜி தான் இருக்கிறது. இருபத்துமூன்றாவது பாரில் பி ஃபிளாட்டை அடியில் வைத்த விநோதமான ஒரு கார்டு ஒலித்து, இசை முழுவதுமாக நிற்கிறது. பிறகு வரும் மூன்று மெல்லிய கார்டுகளில் கடைசியானதுதான் ஈ-யை அடியில் ஊன்றி நிற்கும் முதல் ஈ மைனர்.

1849 அக்டோபர் 30 அன்று பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் நடந்த ஷோபானின் இறுதிச் சடங்கில் இந்தப் பிரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். அந்த இடத்துக்கு ஆர்கன் பொருந்தியிருக்கும். ஆனாலும் இந்த இசைக்குப் பியானோதான் வேண்டும் என்பேன். ஆர்கனில் அழுத்திப் பிடித்த சுரம் குறையாமல் ஒலிக்கும். பியானோவிலோ அந்த நீண்ட பி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது, கார்டுகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன.

'லார்கோ' (மிக மெதுவாக) என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எட்டுக் கார்டுகளையும் எட்டுத் தனி அடிகளாக இழுத்து வாசிப்பவர்கள் அதிகம். ஷோபான் பாருக்கு இரண்டு பெரிய அடிகளைத்தான் குறித்திருக்கிறார். வலது கையை விட்டுவிட்டு, இடது கையை மட்டும் அந்த இரண்டடிக் கணக்கில் வாசித்து, இறங்குகிற சுரத்தை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள். எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்பதை அந்தச் சுரமே சொல்லிவிடும்.