மாமாவின் எக்ஸ்பி இப்போது என் லேப்டாப்பில்

திருப்பாப்புலியூரில் மாமா வைத்திருக்கும் டிடிபி கடையின் பழைய கம்ப்யூட்டர் போன ஐப்பசி மழையில் நின்றுவிட்டது. மதர்போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது, அதில்தான் இத்தனை வருஷக் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு அடித்த நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கின்றன.

கோப்புகளை மட்டும் எடுத்துப் புது கம்ப்யூட்டரில் போட்டால் ஆகாதா என்று கேட்டார்கள். ஆகாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெயரே ஏதோ குறிகளாகத்தான் தெரியும். எழுத்துரு, பேஜ்மேக்கர், அது ஓடிப் பழகிய விண்டோஸ் எக்ஸ்பி மூன்றும் சேர்ந்தே வேண்டும். எக்ஸ்பியை என் லேப்டாப்பில் நேராக ஏற்றவும் வழியில்லை, இதன் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளே அதில் கிடையாது.

அதனால் விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் நிரல். என்னுடையது 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. முதலில் லேப்டாப் கிளம்பும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய், இதற்குப் பிராசஸர் உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கினேன், 6.1 பதிப்பிலிருந்து அது இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது. பழைய டிஸ்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, லினக்ஸின் டிடி கட்டளையால் முழுசாக ஒரு நகல் எடுத்து, அதை விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்காகப் பயன்படுத்தும் விடிஐ கோப்பாக மாற்றினேன். 40 ஜிபி டிஸ்க், காலியான இடம் கழிந்ததும் 15 ஜிபிதான் வந்தது.

கிளப்பினால் நீலத் திரை, 7பி பிழை, அதாவது எக்ஸ்பியால் தன் டிஸ்கையே அணுக முடியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க இதோடு போனது. காரணம் சின்னதுதான்: விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்கை சாட்டா என்ற புது வகை இணைப்பில் மாட்டியிருந்தேன், எக்ஸ்பிக்கு ஐடிஇ என்ற பழைய வகைதான் தெரியும். மாற்றியதும் எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளிப் படம் வந்து நின்றது. 512 எம்பி ரேம் கொடுத்தேன், தாராளமாக ஓடுகிறது. மாமா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, “மாப்ள, என் டெஸ்க்டாப்பு அப்படியே இருக்குடா” என்றார்.

ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரமாகக் காட்டுவது 1960களிலேயே ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் வந்துவிட்டது. அப்போது கணினி விலை அதிகம், பலர் பகிர வேண்டியிருந்தது. எங்களுக்குத் தேவை வேறு, செத்துப்போன கணினியை உயிரோடு வைத்திருப்பது.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதனால் விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் எக்ஸ்பியின் நெட்வொர்க்கை அடியோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த எக்ஸ்பி இருக்கும் நிலையை அப்படியே பதிந்து வைப்பது. புது எழுத்துரு போடும் முன் ஒன்று எடுத்து வைத்தால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் திரும்பும்போது நடுவில் உள்ளே சேமித்ததும் போய்விடும், அப்படி ஒரு காதுகுத்துப் பத்திரிகையை மாமா மறுபடி அடிக்க நேர்ந்தது. இப்போது வேலைக் கோப்புகள் எல்லாம் எக்ஸ்பியும் லினக்ஸும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரில், லினக்ஸ் பக்கம். ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது.

எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்து, விடிஐ இருக்கும் அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகலெடுத்துக் கொடுத்தேன். மாமா அதைத் துணியில் சுற்றி பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.