கறுப்புக் கட்டத்துக்கு அடியில் ஆதார் எண்

எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்ததே, அப்படி ஒரு நிவாரணத்துக்கான பயனாளிகள் பட்டியலைக் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு வருகிறது என்று வையுங்கள். ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று ஒரே வரியில் திருப்பக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 10 சொல்வது: விலக்கு உள்ள பகுதியை மட்டும் பிரித்துவிட்டு மீதியைக் கொடு. ஏன் நீக்கினோம், முடிவெடுத்த அலுவலர் யார் என்பதையும் எழுதித் தர வேண்டும். மானியத் திட்டம் என்றால் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது பிரிவு 4. ஆக, பெயரும் தொகையும் இருக்கட்டும். ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண், கையெழுத்து போகட்டும்.

தாளில் மார்க்கரால் அடித்தால் போதாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே எழுத்து தெரியும். வெள்ளைத் தாளை வெட்டி மேலே ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் தர வேண்டும். ஆதார் நகலில் 12 இலக்கத்தை மூடிவிட்டுக் கியூஆர் கட்டத்தை விட்டுவிடுவார்கள். ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் வந்துவிடும்.

பிடிஎஃபில்தான் அதிகம் சறுக்குகிறது. எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அடியிலேயே கிடக்கும். அக்ரோபாட் மென்பொருளில் தகவலை நீக்கத் தரும் ‘ரெடாக்ட்’ வசதியிலும் குறித்தால் மட்டும் போகாது, ‘அப்ளை’ கொடுத்த பிறகே அழியும். எக்செலில் மறைத்த பத்தியை (காலம், column) யாரும் ஒரு சொடுக்கில் திறக்கலாம். வேண்டிய பத்திகளை மட்டும் புதுக் கோப்பில் வெறும் மதிப்பாக (‘பேஸ்ட் வேல்யூஸ்’) ஒட்டுங்கள்.

பெயரையே நீக்க வேண்டிய வேறு கோப்பு என்றால் தமிழுக்கென்று தனித் தலைவலி உண்டு. ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனுக்கு’, ‘முருகனின்’ சிக்காது. புள்ளி போய் ‘னு’, ‘னி’ ஆகிவிடுகிறதே. ‘முருக’ என்று தேடுங்கள். லட்சுமி என்றால் லக்ஷ்மி என்றும் தேட வேண்டும். வானவில், பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய கோப்பில் யூனிகோடு தேடல் ஒன்றையும் காட்டாது. ‘பூஜ்யம் முடிவுகள்’ என்பதை நம்பி அனுப்பினால் போச்சு. அந்தக் கோப்பைப் பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

அப்படிப் பெயரை நீக்கும் கோப்பில் படகுப் பதிவு எண்ணையும் பாருங்கள். அது ஒன்று போதும், காசிமேட்டில் யார் படகு என்று துறைமுகத்துக்கே தெரியும்.

முடித்ததும் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நீக்கியது அங்கே வந்தால், நீக்கவில்லை. பிறகு கோப்பின் பெயர். உள்ளே அத்தனையும் சுத்தம், வெளியே பயனாளியின் கைபேசி எண்ணே கோப்புப் பெயராக நிற்கும்.