சம்பா மூழ்கினால் பயிர்க் காப்பீடு: பதிவு முதல் பணம் வரை

டெல்டாவில் வயல் மூழ்கியதும் முதல் கேள்வி, "எங்க வயலைப் பார்க்க எப்ப வருவாங்க?" பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்குப் பொதுவாக அப்படி யாரும் வர வேண்டியதில்லை. கிராமத்தின் சராசரி மகசூல்தான் கணக்கு. வடிகாலை ஒட்டிய உங்கள் பள்ளக்கால் அழுகிப்போய், மேட்டு வயல்கள் நன்றாக விளைந்துவிட்டால் இழப்பீடு வராமலே போகலாம்.

கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். அது எக்டேருக்கு 2,500 கிலோ, இந்த ஆண்டு கிடைத்தது 2,000 கிலோ என்றால் குறைவு 20 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு செய்திருந்தால் 7,200 ரூபாய் வரும். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். இதில் ஒரு கொடுமை உண்டு: ஏழு ஆண்டில் மூன்று முறை மூழ்கிய ஊரில் மோசமான இரண்டு ஆண்டுகள்தான் கழியும், மூன்றாவது சராசரியை இழுத்துவிடும். அடிக்கடி மூழ்கும் ஊருக்கே உத்தரவாதம் குறைவு.

பதிவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அதுவரை காத்திருந்தால் சர்வர் படுத்துவிடும். சிட்டா (நில உரிமைப் பதிவு), நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் (பயிர்ப் பதிவு) அல்லது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இவை வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ பதிவு செய்யலாம். பதியும்போது திரையை நீங்களும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருந்தால் தவறானது தேர்வாகிவிடும். சர்வே எண்ணின் உட்பிரிவு விடுபடுவதும், அடங்கலில் உள்ளதைவிடப் பரப்பு கூடுவதும் நிராகரிப்பில் முடியும். கடன் வாங்கிய வங்கி ஏற்கெனவே பிரீமியம் பிடித்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவு நிற்காது. கணக்கில் ஆதார் இணையாவிட்டால் பணம் திரும்பிவிடும்.

நாங்கள் பார்த்தவரை ஊர் கோட்டைவிடுவது, கிராமச் சராசரியைக் கணக்கிடும் அறுவடைப் பரிசோதனையில்தான். கிராமத்துக்குக் குறைந்தது நான்கு இடங்கள். சர்வே எண் குலுக்கல் முறையில் வரும். அந்த வயலில் 5-க்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். தேர்வான வயலை முன்கூட்டியே மெஷின் விட்டு அறுத்துவிட்டால் வேறு வயல் வரும். அது மேட்டு வயலாகவும் இருக்கலாம். ஆகவே தேர்வான எண்களை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு ஊரில் சொல்லிவையுங்கள். எடை போடும்போது இரண்டு பேர் நில்லுங்கள்.

கிராமச் சராசரி பார்க்காமல் தனி வயலின் சேதத்துக்கே இழப்பீடு தரும் பட்டியலிலிருந்து மூழ்கிய நெல்லை 2018-இல் நீக்கியிருந்தார்கள். 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலப் பயிர்) பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது இருந்தால், மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்துடன் பதிய வேண்டும். உதவி எண் 14447.

அரசு நிவாரணம் இதில் சேராது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று வருவாய், வேளாண் துறைக் கணக்கெடுப்பில் வந்தால் அது தனியாகக் கிடைக்கும். காப்பீடு செய்தவர்களும் அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம்.