23-ஆவது வரி

துடுப்புப் படகுப் போட்டியின் முடிவுப் பட்டியல் முதல் பார்வைக்கு ரயில் கால அட்டவணை மாதிரி இருக்கும். இடப்பக்கம் நாட்டின் மூன்றெழுத்துச் சுருக்கம், அடுத்துப் பெயர்கள், பிறகு 500, 1000, 1500, 2000 என நான்கு கட்டங்களில் நேரம். மூலையில் எம்1எக்ஸ் என்றோ டபிள்யூ8+ என்றோ ஒரு குறி. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு நான் வேலைக்கு வந்த புதிதில், இந்தத் தாள் யார் மேசைக்கு வந்தாலும் அடுத்த மேசைக்குத் தள்ளப்படும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடம் வரும். கட்டம் போட்ட எதைக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2-1 என்றால் 2-1தான். துடுப்புப் பட்டியலை மட்டும் படிக்கப் பழக வேண்டும். எம்1எக்ஸ் என்றால் ஆண்கள் ஒற்றையர், ஒருவர் கையில் இரண்டு துடுப்பு. எம்2- என்றால் ஆண்கள் இருவர், ஆளுக்கு ஒரே துடுப்பு, சுக்கானுக்குத் தனியாள் கிடையாது. எட்டுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறி சுக்கான்காரர். இதெல்லாம் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். பிடிபட நாளானது இறுதிப் போட்டிகளின் வரிசைதான். ஏ இறுதியில் ஆறு படகுகள், பதக்கம் அங்கேதான். பி இறுதியில் 7 முதல் 12 வரை, சி இறுதியில் 13 முதல் 18 வரை, டி இறுதியில் 19 முதல் 24 வரை முடிவாகும். பதக்கத்துக்கு வழியே இல்லை என்று தெரிந்த பிறகும், 19-ஆவது இடமா 20-ஆவது இடமா என்பதற்காக 2,000 மீட்டர் முழுவதும் நுரையீரல் கிழிய வலிக்கிறார்கள். வேறு எந்த விளையாட்டில் இவ்வளவு கீழே இறங்கி இவ்வளவு கறாராகத் தரம் பிரிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

2024 ஆகஸ்டு 2-ஆம் தேதி பக்கத்தைச் சொல்கிறேன். பாரிஸ் ஒலிம்பிக். துடுப்புப் போட்டிகள் பாரிசுக்குக் கிழக்கே வேர்-சூர்-மார்ன் நீர்த்தடத்தில் நடந்தன. அங்கே காலை என்றால் நமக்கு மாலை, ஆறு மணி நேர வித்தியாசம். பக்கம் மூட நேரம் இருந்தது, இடம்தான் இல்லை. அன்று ஆண்கள் இரட்டையர் பூப்பந்து அரையிறுதியில் மலேசியாவின் ஆரோன் சியா - சோ வூய் யிக். மறுநாள் வெண்கலத்துக்காக பெர்லி டான் - தினா முரளிதரன் ஆடப்போகிறார்கள். தினா பெயர் இருக்கும் நாளில் எங்கள் வாசகர் வேறு எதைத் தேடுவார்? பக்கத்தின் அடியில் துடுப்புக்கென்று ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது.

அந்தக் கட்டத்துக்கு அன்று இரண்டு செய்திகள் போட்டியிட்டன. ஒன்று, ஆண்கள் இருவர் பிரிவில் குரோஷியாவின் மார்ட்டின், வாலெண்ட் சின்கோவிச் சகோதரர்களின் தங்கம். மற்றொன்று, ஆண்கள் ஒற்றையர் டி இறுதியில் இந்தியாவின் பால்ராஜ் பன்வார் ஐந்தாவதாக வந்தது. நேரம் 7:02.37. மொத்தத் தரவரிசையில் 23-ஆவது. பாரிசுக்குப் போன ஒரே இந்தியத் துடுப்பு வீரர் அவர்.

எங்கள் செய்தி ஆசிரியர் மூத்தவர், தலைப்பு வைப்பதில் கெட்டிக்காரர். பன்வாரின் ஐந்து நாள் நேரங்களையும் வரிசையாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முதல் சுற்று 7:07.11. மறுவாய்ப்புச் சுற்று 7:12.41. கால் இறுதி 7:05.10. சி, டி இறுதிகளுக்கான அரையிறுதி 7:04.97. டி இறுதி 7:02.37. இரண்டாவதை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, "பாரும்மா, நாளுக்கு நாள் வேகம். தலைப்பு கிடைச்சிருச்சு" என்றார்.

"ஐயா, நீங்க அடிச்ச நேரந்தான் அவரைக் கால் இறுதிக்கே கொண்டுபோனது" என்றேன்.

நடந்தது அப்படித்தான். முதல் சுற்றில் 7:07 எடுத்தவர் நான்காவதாக வந்து மறுவாய்ப்புக்குத் தள்ளப்பட்டார். மறுவாய்ப்பில் அதைவிட ஐந்து விநாடி கூடுதலாக எடுத்து இரண்டாவதாக வந்தார், கால் இறுதிக்குப் போனார். ஐந்து பந்தயங்களில் மிக மெதுவான நேரம் எதுவோ அதுதான் அவருடைய மிகப் பயனுள்ள பந்தயம். அவர் போட்டியிட்டது பக்கத்துத் தடங்களோடுதான், முந்தைய நாள் கடிகாரத்தோடு அல்ல.

இதை எனக்கு விளங்க வைத்தது விளையாட்டு நிருபர் யாருமில்லை, பக்கம் வடிவமைக்கும் பட்டர்வொர்த் ஊர்க்காரத் தம்பி. அவன் பினாங்கில் ஒரு தொழிற்சாலை அணிக்காக டிராகன் படகு வலித்தவன். 1979-இல் தொடங்கிய பினாங்கு அனைத்துலக டிராகன் படகு விழா இப்போது நடக்கும் தெலுக் பகாங் அணைக்கட்டில்தான் இவனுக்கும் பயிற்சி. டிராகன் படகு வேறு இனம்: இருபது பேர் முன்னால் பார்த்து உட்கார்ந்து, முரசுக்கு ஏற்பக் கைத்துடுப்பால் தண்ணீரைத் தள்ளுவார்கள். ஒலிம்பிக் துடுப்புப் படகில் துடுப்பு படகோடு பிணைந்திருக்கும், வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். (செய்தி நிறுவனம் அனுப்பும் படக்குவியலிலிருந்து, கைத்துடுப்பால் செலுத்தும் கயாக்கின் படத்தை எடுத்துத் துடுப்புச் செய்திக்கு வைக்க யாராவது முயன்றால், அவன் கணினியை விட்டு எழுந்தே விடுவான்.) காற்று மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். "காலைல அணையில தண்ணி அசையாதுக்கா. மதியம் எதிர்க்காத்து வந்துச்சுன்னா அதே டீம், அதே போட், டைம் மட்டும் எங்கேயோ போயிரும். அதுக்காக நாங்க காலைல பலசாலி, மதியம் சோப்ளாங்கின்னு அர்த்தமா?"

அவன் கேட்ட கேள்விக்குச் சின்கோவிச் சகோதரர்களே சாட்சி. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் உலகச் சாம்பியன்ஷிப்பில், படகைப் பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு, இரட்டையர் பிரிவில் (இருவர், ஆளுக்கு இரண்டு துடுப்பு) 5:59.72-இல் வந்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் அந்தப் பிரிவில் யாரும் அதுவரை வந்ததில்லை. இரண்டு ஆண்டு கழித்து ரியோவில், அதே இருவர், அதே பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது நேரம் 6:50.28. ஐம்பது விநாடி அதிகம். அவர்கள் தளர்ந்துவிடவில்லை, ரியோவின் லகூனில் அன்று காற்றும் அலையும் அப்படி. உலகத் துடுப்புச் சம்மேளனம் 1892-இல் தூரின் நகரத்தில் தொடங்கியது, அனைத்துலக ஒலிம்பிக் கமிட்டியைவிட இரண்டு வயது மூத்தது. இவ்வளவு பழைய சம்மேளனம் 'உலக சாதனை' என்று எதையும் அறிவிப்பதில்லை, 'உலகின் சிறந்த நேரம்' என்று மட்டும் குறித்து வைக்கிறது. காற்றுக்கு மெடல் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. காற்று ஒரு கரைப்பக்கம் மட்டும் பலமாக அடித்தால் தட ஒதுக்கீட்டையே மாற்றி, முந்தைய சுற்றில் நன்றாக வந்தவர்களுக்கு ஒதுக்குப்புறத் தடங்களைக் கொடுக்கவும் விதியில் இடமுண்டு. அதனால் தட எண்ணைப் பார்க்காமல் முடிவை எழுதக்கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட பழக்கம்.

அப்படியானால் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஒரே பந்தயத்துக்குள். அன்றைய குரோஷியத் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிக் கட்டத்தில் குரோஷியா 6:23.66, பிரிட்டன் 6:24.11. இவ்வளவையும் எந்த நாளிதழும் போடும். 1500 மீட்டர் கட்டத்தைப் பார்த்தால் முன்னால் இருந்தது பிரிட்டன். கடைசிச் சில துடுப்புகளில்தான் படகின் மூக்கு மாறியது. ஆயிரம் சொல்லில் வர்ணனையாளர் சொன்னது அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. முடிவு நேரத்தை மட்டும் அச்சடித்தால் 0.45 விநாடி என்ற எண் மிஞ்சும், பந்தயம் காணாமல் போகும். அதனால் இடம் நெருக்கினாலும் 1500-ஐ வெட்டவிடமாட்டேன். 500-ஐ வெட்டட்டும், அங்கே யாரும் எதையும் வென்றுவிடுவதில்லை.

இறுதி நேரம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரியோ ஒற்றையர் இறுதி நல்ல உதாரணம். நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினும் இருவரும் 6:41.34. தங்கம் டிரைஸ்டேலுக்கு. மறுநாள் காலை கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் அழைத்து, அச்சுப்பிழை என்று அடித்துச் சொன்னார். பிழை இல்லை, கோட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்றேன். படகின் முனையில் ஒரு சின்ன ரப்பர் பந்து இருக்கும், அது கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. "பந்து முந்துனதுக்கு ஆளுக்குத் தங்கமா?" என்று கேட்டுவிட்டு, நீண்ட நேரம் சிரித்தார். அதன்பிறகு 'புகைப்பட முடிவு' என்று அடைப்புக்குறியில் ஒரு சொல் சேர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது.

இனி, பட்டியலை எங்கே வெட்டுவது என்ற வழக்கு. முதல் மூன்றோடு நிறுத்து என்பது பக்கத்தின் எழுதாத சட்டம். துடுப்பில் அந்தச் சட்டப்படி நடந்தால், சீனாவைத் தவிர ஆசியா அநேகமாக உலகப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் எடை வரம்பு (எடை குறைந்தவர்களுக்கான பிரிவு) இரட்டையரில் இந்தோனேசியா, வியட்நாம், தாய்லாந்து மூன்றும் படகு இறக்கின. நம் அண்டை வீட்டுக்காரர்கள். மூன்றோடு வெட்டியவர்கள் யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. அதே டோக்கியோவில் ஆண்கள் எடை வரம்பு இரட்டையரில் இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இருவரும் பி இறுதியில் ஐந்தாவது, மொத்தத்தில் 11-ஆவது. 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அதே இருவர் அதே பிரிவில் வெள்ளி வென்றதும் எல்லாப் பத்திரிகையிலும் 'எதிர்பாராத வெள்ளி' என்ற தொனி. 11-ஆவது வரியை அச்சடித்த பக்கத்துக்கு அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? மலேசியப் பத்திரிகையில் இந்தியப் படகுக்கு ஏன் இத்தனை கரிசனம் என்று உள்ளேயே ஒருவர் கேட்டார். தாய்லாந்துப் படகுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்றதும் அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. மேற்கொண்டு இடமும் தரவில்லை.

ஆகஸ்டு 2 அன்று செய்தி ஆசிரியரோடு நடந்த பேரம் இப்படி முடிந்தது: 'நாளுக்கு நாள் வேகம்' போகும், குரோஷியத் தங்கம் மூன்று வரி, 1500 கட்டத்தோடு, பன்வார் இரண்டு வரி. அந்த இரண்டில் ஒன்று, அவருடைய மெதுவான பந்தயமே அவரைக் கால் இறுதிக்குக் கொண்டுபோனது என்பது. "காத்தைப் பத்தி வாசகனுக்கு என்னம்மா கவலை" என்று முனகியபடிதான் கையெழுத்திட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அன்றைக்கு வாசகர் கவலை முழுக்க ஆரோன் சியா மீது.

இப்போது புதுத் தலைவலி வருகிறது. எடை வரம்புப் பிரிவு, அதாவது ஆண்கள் படகில் சராசரி 70 கிலோ, பெண்கள் படகில் 57 கிலோ என்ற வரம்போடு நடந்தது, பாரிசோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. நெட்டையான, பருத்த உடல்களின் விளையாட்டில் நம் பக்கத்து நாடுகள் நுழைந்த கதவு அதுதான். அதை மூடியதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாக 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் கடற்கரை விரைவோட்டம் வருகிறது: மணலில் ஓடிப் படகேறி, மிதவையைச் சுற்றித் திரும்பி, மறுபடி இறங்கி ஓட வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலை இருக்கும் கரையில் எடுக்கும் நேரத்தை எதோடு ஒப்பிடுவது? வழக்கமான பந்தயங்களும் லாங் பீச்சில் 2,000 மீட்டர் அல்ல, 1,500 மீட்டர்தான். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே நள்ளிரவு, எங்கள் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

1,500 மீட்டர் என்றால் கட்டம் மூன்றுதான். நான்காவது காலியாகிவிடும், அதில் என்ன வைப்பது என்று பட்டர்வொர்த் தம்பி இப்போதே கேட்கிறான். பி, சி, டி இறுதி முடிவுகளைச் சின்ன எழுத்தில் வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். விளம்பரப் பிரிவு மோப்பம் பிடிப்பதற்குள் வார்ப்புருவை மாற்றிவிட வேண்டும்.